குன்னூர், கோத்தகிரி பக்கம் நல்ல டாக்கோ எங்கே கிடைக்கும்?

கேள்வி (குன்னூர் வாசகர்), 6 ஜூலை 2024

டல்லாஸில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது குன்னூரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அங்கே பாதி நாள் ராத்திரிச் சாப்பாடு டாக்கோ (மக்காச்சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தருகிற மெக்சிகோ பண்டம்) வண்டியில்தான். இங்கே ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று மெனுவில் ‘மெக்சிகன்’ போட்ட கடை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மைதா சப்பாத்திக்குள் குடைமிளகாயையும் மயோனைஸையும் சுருட்டித் தருகிறார்கள். பெரிய ரெஸ்டாரண்ட் வேண்டாம். நின்றுகொண்டே, முழங்கை வரை ஒழுகவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி ஒரு இடம். யாருக்காவது தெரியுமா?

6 ஜூலை, இரவு

கிடைக்காது. நான் கோத்தகிரிக்காரன். வேலை நிமித்தம் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன். நீங்கள் சாப்பிட்ட அதே மயோனைஸைத்தான் நானும் சாப்பிட்டேன். பெட்ரோலை மிச்சம் பண்ணுங்கள்.

7 ஜூலை

ஒற்றை வரியில் வெடுக்கென்று சொன்னால் ஆயிற்றா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, காரணம்.

கஃபே நடத்துகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கடைக்கு வருகிறவர் இரண்டு நாள் தங்கிவிட்டு மலை இறங்கிப் போகிற ஆள். அவருக்கு மெனுவில் பிட்சா, மோமோ, சிஸ்லர், ‘மெக்சிகன்’ எல்லாம் இருக்க வேண்டும். எல்லாம் சுமாராக இருந்தாலும் போதும், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இருந்தால் கணக்கு நேராகிவிடும். டாக்கோ வண்டி பிழைப்பது இதற்கு நேர் எதிர் வழியில். குவாதலஹாராவில் பிர்ரியா (மிளகாய் மசாலாவில் வெந்த கறி) போடுகிறவர் பிர்ரியாதான் போடுவார். குடல் போடுகிறவர் குடல். மெக்சிகோ சிட்டியில் 1968-லிருந்து நடக்கிற எல் கலிஃபா டெ லியோன் என்ற துளியூண்டு கடைக்கு 2024 மே மாதம் மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் கொடுத்தார்களே, அங்கே மொத்தம் நாலு வகை டாக்கோதான். நின்றுதான் சாப்பிட வேண்டும். தினமும் வந்து நிற்கிற ஆட்கள் இருந்தால்தான் இப்படி ஒரு கடை நடக்கும். நம் ஊரில் அந்தக் கூட்டம் பஜ்ஜிக்கும் வர்க்கிக்கும் நிற்கிறது. அதில் எனக்குக் குறையும் இல்லை.

7 ஜூலை, மறுபடியும்

“கீழே இறங்கினால் டாக்கோ பெல் இல்லையா” என்று கேட்டவருக்கு: பசிக்குச் சாப்பிடலாம், நானும் சாப்பிட்டிருக்கிறேன். 1962-இல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது, 2010-இல் பெங்களூருக்கு வந்தது. மெக்சிகோவிலேயே 1992-இல் ஒரு தடவை, 2007-இல் ஒரு தடவை கடை போட்டுப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் மூட்டை கட்டினார்கள். மெக்சிகோவிலும் பொரித்த டாக்கோ உண்டு. ஆனால் உள்ளே வைக்க வேண்டியதை வைத்து மடித்து, அப்புறம்தான் எண்ணெயில் போடுவார்கள். காலி டாக்கோ ஓடுகளைப் பொரித்துப் பெட்டியில் அடுக்கி விற்பது அமெரிக்காவில் வந்த யோசனை. கேள்வி கேட்டவர் தேடுவது அதை அல்ல.

10 ஜூலை

மழை விடவில்லை, கரண்டும் இல்லை, போனில் தட்டுகிறேன். நீளமாகப் போகும்.

குன்னூர் நண்பரே, உங்கள் சிக்கல் கறியிலும் இல்லை, சாஸிலும் இல்லை. டாக்கோவை மடிக்கிற ரொட்டியில், அதாவது டோர்டியாவில் இருக்கிறது. கறி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் மார்க்கெட்டில் கிடக்கிறது. எலுமிச்சையே கூட, அவர்கள் டாக்கோ மேல் பிழிகிற சின்ன எலுமிச்சையும் நம் ஊர் எலுமிச்சையும் ஒரே இனம்தான். இல்லாதது மக்காச்சோள டோர்டியா ஒன்றுதான். அதற்கு வேண்டியதும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது: காய்ந்த மக்காச்சோளம், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு, கிரைண்டர்.

வேலை இப்படி. சுண்ணாம்புத் தண்ணீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, அதிலேயே ராத்திரி முழுக்க ஊறவிடுவது. இப்படிப் பக்குவப்பட்ட மணிக்கு நிக்ஸ்டமால் என்று பேர். சுண்ணாம்பு மணியின் மேல்தோலைக் கரைத்துவிடும், உள்ளே இருக்கிற மாவை ஒட்டவைக்கும். மக்காச்சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிற நயாசின் என்கிற வைட்டமினையும் அவிழ்த்துவிடும். ஐரோப்பாக்காரன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துப் போனான், சுண்ணாம்பை விட்டுவிட்டான். அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்கு பெலாக்ரா என்கிற நயாசின் குறைபாட்டு நோய் வந்தது. 1735-இலேயே ஸ்பெயினில் ஒரு மருத்துவர் அதைக் கண்டு எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காலங்காலமாக அதே சோளத்தைத் தின்கிற மெக்சிகோ கிராமத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அளவு: ஒரு கிலோ மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், காய்ந்த சுண்ணாம்பு என்றால் 10 கிராம். வெற்றிலைக் கடை டப்பாவில் இருப்பது பாதிக்குப் பாதி தண்ணீர், அதனால் இரண்டு டீஸ்பூன் குவித்து எடுத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். வாசனை போட்டது, ரோஸ் கலர் போட்டது வேண்டாம், வெள்ளைதான். அடுப்பில் ஏற்றினதும் பாருங்கள், வெளிர் மஞ்சளாக இருந்த மணி சட்டென்று ஆரஞ்சுக்கு மாறும். ஈரச் சுவரும் சோளமும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவும். அரை மணி, முக்கால் மணி கழித்து ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேயுங்கள். தோல் சவ்வாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மணியைக் கிள்ளினால் நடுவில் பொட்டளவு வெள்ளையாக, வேகாமல் இருக்க வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். முழுக்க வெந்துவிட்டால் களி கிண்டலாம், டோர்டியா வராது.

காலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தோல் போகிற மாதிரி இரண்டு தண்ணீர் கழுவி கிரைண்டரில் போடுங்கள். இட்லி மாவுக்கு விடுகிற மாதிரி தண்ணீர் விட்டால் கதை முடிந்தது. கையால் தெளித்துத் தெளித்துத்தான். கல் திணறும், நிறுத்தி வழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். அமெரிக்காவில் வீட்டில் மாசா (இந்த டோர்டியா மாவு) அரைக்கிற சிலர் நம் ஊர் டேபிள்டாப் கிரைண்டரைத்தான் வாங்கிவைத்திருக்கிறார்கள். நாம் அதில் தோசைக்கு மட்டும் அரைத்துக்கொண்டிருக்கிறோம்.

உருண்டை பிடித்து நடுவில் அழுத்தினால் ஓரத்தில் விரிசல் விடக் கூடாது. விரிசல் விட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். பூரி பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் ஆவின் பால் கவரை வெட்டிப் போட்டு அழுத்துங்கள். (நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, பால் கவர் புண்ணியம் கட்டிக்கொள்கிறது. வாழையிலைத் துண்டும் சரிப்படும்.) தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும். ஒரு பக்கம் கொஞ்ச நேரம், திருப்பி மறுபக்கம் கூடுதலாக, மறுபடி திருப்பினால் உப்பும். எடுத்த கையோடு துணியில் சுற்றி மூடிவையுங்கள். மூடிவைக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் அது இளகும். சுட்டதும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு “வறட்டியாக இருக்கிறது” என்று இங்கே வந்து திட்டாதீர்கள்.

11 ஜூலை

நேற்றுக் குறிப்பில் சேர்க்க வேண்டியவை.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துக் கறுப்பாக்கும். எவர்சில்வர்.

விதைக்கடைச் சோளத்தை வாங்கிவிடாதீர்கள். சிவப்பாகவோ ரோஸாகவோ பூசியிருப்பார்கள், அது பூஞ்சைக்கொல்லி மருந்து. கோழித்தீவன மூட்டையும் வேண்டாம், பூசணம் பிடித்தது கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. மளிகைக்கடையில் சாப்பிடுவதற்கென்று விற்கிற காய்ந்த மணி. ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது.

மஞ்சள் தண்ணீரைத் தேயிலைச் செடி அடியில் ஊற்றாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். வாசலில் நீலமாகப் பூக்கிற ஹைட்ராஞ்சியா இருந்தால் அதன் அடியில் தொடர்ந்து ஊற்றிப் பாருங்கள், பூ ரோஸுக்கு மாறினாலும் மாறும். என் வீட்டு அம்மாவிடம் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

14 ஜூலை

குன்னூர் நண்பர் “செய்து பார்த்தேன், தூள் தூளாக உதிர்ந்துவிட்டது” என்று படம் போட்டிருக்கிறார். படத்திலேயே தெரிகிறது, அது மக்கி ஆட்டா. பஞ்சாபி மக்கி ரொட்டிக்கு உள்ள மாவு, சுண்ணாம்பைப் பார்க்காதது. அதை டோர்டியா அளவுக்கு மெல்லிசாக அழுத்தவும் முடியாது, மடித்தால் உடையும். கடை மாவுதான் வேண்டும் என்றால் மாசா ஹரினா என்று கேட்டு வாங்க வேண்டும், மசேக்கா என்ற பிராண்டு இறக்குமதியாகி இணையத்தில் வருகிறது. விலையைப் பார்த்தால் கிரைண்டரை இறக்கித் துடைக்கத் தோன்றும்.

18 ஜூலை

இனி கறி. குவாதலஹாரா இருக்கிற ஹலிஸ்கோ மாநிலத்தின் பெருமையே பிர்ரியாதான். அதற்கு ஆதியில் வெள்ளாடு. இப்போது இன்ஸ்டாகிராமில் சீஸ் ஒழுக ஒழுகக் காட்டுகிற மாட்டுக்கறி பிர்ரியா திஹுவானா பக்கத்துச் சமாசாரம். நமக்கு வெள்ளாட்டுக்கறிக்குப் பஞ்சமா?

அங்கே குவாஹியோ, ஆஞ்சோ என்று காரம் குறைந்த காய்ந்த மிளகாய்களை ஊறவைத்து அரைக்கிறார்கள். நான் பேடகி மிளகாய் போடுகிறேன், நிறம் வருகிறது, காரம் அடங்கி இருக்கிறது. ராமநாதபுரம் குண்டு மிளகாயைப் பார்த்தால் அங்கத்திய கஸ்கபெல் மிளகாய்தான் நினைவுக்கு வரும். அதே உருண்டை வடிவம், ஆட்டினால் விதை கலகலக்கும். ஆனால் குண்டு காரம் கூட, இரண்டு மூன்றுக்கு மேல் போடாதீர்கள். விதை எடுத்த மிளகாயைத் தோசைக்கல்லில் வெறுமனே வாட்டி (கருகினால் கசப்பு, வாசனை வந்ததும் எடுத்துவிடுங்கள்), வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளி, பூண்டு, பட்டை, கிராம்பு, கொஞ்சமே கொஞ்சம் சீரகம், வினிகர் விட்டு அரைத்துக் கறியில் பிசறி ராத்திரி வையுங்கள். மறுநாள் சன்னத் தீயில் எலும்பை விட்டுக் கறி கழன்று வருகிற வரைக்கும். மல்லித்தூள், கறிவேப்பிலை, தேங்காய் எதையும் கிட்டே சேர்க்காதீர்கள். கை தானாகப் போகும், கட்டிப்போடுங்கள். போட்டால் ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது மட்டன் குழம்பு.

குழம்புத் தெளிவைத் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றி எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். கோத்தகிரிக் குளிரில் அதற்காகவே இதைச் செய்யலாம்.

தலைக்கறி, நாக்கு, குடல் எல்லாம் அங்கே வண்டிகளில் தனித்தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடல் சூப்புக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வெளிநாட்டில் இருக்கிற நினைப்பே போய்விட்டது.

20 ஜூலை

“இவ்வளவு வேலை யார் செய்வது, ஆபீஸ் போக வேண்டாமா?” நியாயம்.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: ஷவர்மா கடை. சிரிக்காதீர்கள். டாக்கோ அல் பஸ்தோர் என்று கம்பியில் அடுக்கிச் சுழலவிட்டு வெட்டித் தருகிறார்களே, அது லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுபோன ஷவர்மாதான். முதலில் புவெப்லா நகரத்தில் அரேபிய டாக்கோவாக இருந்தது, அப்புறம் ஆட்டுக்குப் பதில் பன்றிக்கறி, சிவப்பு மிளகாய் மசாலா, அன்னாசி என்று மெக்சிகோக்காரனாகவே ஆகிவிட்டது. அதனால் ஷவர்மா கடையில் கறியை மட்டும், மயோனைஸ் இல்லாமல் பார்சல் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், “டாக்டர் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் மிளகாய் விழுதில் ஒரு புரட்டு, பொடியாக அரிந்த அன்னாசி, வெங்காயம், கொத்தமல்லி. பன்றிக்கறி இல்லை, கோழிதான். ராத்திரி எட்டு மணிக்குப் பசியோடு இருக்கும்போது போதும்.

23 ஜூலை

சைவம் கேட்டவருக்கு. பன்னீர் பட்டர் மசாலாவை டோர்டியாவில் வைக்காதீர்கள். மெக்சிகோ சந்தைகளில் பூசணிப்பூ வைத்த கேசடியா (டோர்டியாவை மடித்துச் சுடுவது, பேரே ‘சீஸ்’ என்கிற சொல்லிலிருந்து வந்தது) சாதாரண விஷயம். காம்பும் உள்ளே இருக்கிற மகரந்தத் தண்டும் கிள்ளிவிட்டு, வெங்காயத்தோடு ஒரு வதக்கு. காளான் இன்னொன்று, நம் மலையில் காளானுக்குக் குறைவில்லை. (கடையில் வாங்கிய காளான். காட்டில் பொறுக்கியது அல்ல.) மூன்றாவது, பஜ்ஜி மிளகாயை நேராகத் தணலில் காட்டித் தோல் கருகவிட்டு, உரித்து, நீளவாக்கில் கிழித்து, பாலேட்டில் வதக்குவது. அங்கே பொப்ளானோ மிளகாயில் செய்வார்கள்.

சீஸுக்கு மொசரெல்லா பரவாயில்லை. வஹாகா சீஸும் அதே மாதிரி இழுத்துத் திரிக்கிற சாதிதான். இன்னொன்று: மெக்சிகோ சிட்டியில் கேசடியா கேட்டால் “சீஸ் போடவா?” என்று கேட்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் இதற்காக அவர்களை ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நம் ஊர் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்கிற சண்டையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

27 ஜூலை

கொடைக்கானல் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் கொட்டிக்கிடக்கிறது. நீலகிரிக்காரர்கள் எதற்கு அலட்டிக்கொள்கிறீர்கள்?” ஒப்புக்கொள்கிறேன் அக்கா. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிகேடி-1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் மழையில் பறித்த பச்சைத்தோல் பழம் சிலது தண்ணீராக இருக்கும். அதை மசித்தால் குவாக்கமோலி (பட்டர் ஃப்ரூட் மசியல்) வராது, சட்னி வரும். அமுக்கினால் லேசாகக் கொடுக்கிற பழமாகப் பாருங்கள். காயாக வாங்கினால் அரிசி டப்பாவில் போட்டுவையுங்கள். மசிக்க மலைப்பூண்டு வேண்டாம், அது சல்சாவுக்கு (அவர்கள் ஊர்த் தக்காளிச் சட்னி). தோலோடு சுட்டு அம்மியில் தக்காளியோடு நசுக்கினால் அதன் காரம் தனி.

உங்கள் சௌசௌவும் (நாங்கள் மேரக்காய் என்போம்) மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்ததுதான். அங்கே அதன் கிழங்கையும் தோண்டிச் சாப்பிடுகிறார்கள். பந்தல் பிரிக்கும்போது ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் காடாக நிற்கிற பட்டுலா பைன் மரமும் அந்த ஊர்தான். சாப்பிட முடியாது, தகவலுக்குச் சொன்னேன்.

பச்சை சல்சாவுக்கு வேண்டிய டொமாட்டியோ (உறை மூடிய புளிப்புப் பச்சைக்காய்) கிடைக்காது. நல்ல காய்த்தக்காளியைச் சுட்டு அரைத்து எலுமிச்சை பிழிவதுதான் வழி. சொடக்குத் தக்காளி உறவுமுறைதான், ஆனால் பழுத்ததை மட்டும் சேருங்கள். காயை வேண்டாம், அதில் நஞ்சு உண்டு.

3 ஆகஸ்ட்

பீன்ஸ் வேகவே இல்லை என்று ஒரு புகார், ஊட்டியிலிருந்து. ஊட்டி 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் 2,240 மீட்டர். இரண்டு ஊரிலும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பயறு வேகப் பொழுது விடிந்துவிடும். அங்கேயும் வீட்டுக்கு வீடு குக்கர்தான். ராஜ்மாவை ராத்திரி ஊறவைத்து குக்கரில் விட்டு, வெங்காயம் தாளித்த எண்ணெயில் போட்டு மசித்து, சுருளச் சுருளக் கிண்டுங்கள். எண்ணெயை விடப் பன்றிக்கொழுப்பு உசத்தி, கிடைத்தால். எங்கள் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வருகிற புள்ளி போட்ட மொச்சை மாதிரியான பீன்ஸ் ராஜ்மாவை விட நன்றாக மசிகிறது. பேர் கேட்டேன், “பீன்ஸ்தாங்க” என்றார்கள்.

நிக்ஸ்டமாலுக்கும் இதே கணக்கு. நான் சொன்ன அரை மணி, முக்கால் மணி கோத்தகிரி அடுப்புக்கு. ஊட்டியில் கூட ஆகும், மேட்டுப்பாளையத்தில் குறையும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மணியைக் கிள்ளிப் பாருங்கள்.

10 ஆகஸ்ட்

புரிட்டோ. மேலே ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்று கோபம். குவாதலஹாராவில் நான் அதை அதிகம் பார்த்ததில்லை, அது வட மெக்சிகோப் பண்டம். அரிசியும் பீன்ஸும் அடைத்துத் தலகாணி அளவுக்குச் சுருட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோவில் 1960-களில் வந்த பழக்கம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த மலையில் எளிதாகச் சரிவரக்கூடியது புரிட்டோதான். சொனோரா பக்கம் கோதுமை டோர்டியாதான் தினசரிச் சாப்பாடு, அதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை. சப்பாத்தி மாவில் மைதா பாதிக்குப் பாதி, கொழுப்பு தாராளம், வெந்நீர், அரை மணி ஊறல். பரோட்டா மாஸ்டரிடம் எண்ணெய் குறைத்து வீச்சு போடச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், வாங்கிச் சுருட்டிப் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பிரிந்துகொண்டு போகிறது, உள்ளே இருப்பது மடியில் விழுகிறது. ருசிக்குக் குறைவில்லை. சாப்பிட்ட பிறகு மிச்சம் வீச்சுக்குச் சால்னா கேட்டு வாங்கிக்கொண்டேன்.

18 ஆகஸ்ட்

குன்னூர் நண்பருக்கு டோர்டியா உப்பிவிட்டதாம், வீடியோ அனுப்பியிருக்கிறார். ஓரம் தடித்திருக்கிறது, பிரஸ்ஸை ஒரு அழுத்து அழுத்தி, திருப்பிவைத்து இன்னொரு அழுத்து. மற்றபடி பலே. அவர் தங்கை டல்லாஸிலிருந்து வருகிறாராம், என்ன கொண்டுவரச் சொல்லலாம் என்று கேட்கிறார்.

காய்ந்த குவாஹியோ, ஆஞ்சோ மிளகாய் ஒவ்வொரு பை, எடையே இருக்காது. சிப்போட்லே (புகையில் காயவைத்த மிளகாய்) டப்பா இரண்டு, புகை வாசனைக்கு நம் ஊரில் மாற்று இல்லை. மெக்சிகன் ஓரகானோ ஒரு சின்னப் பொட்டலம். பிட்சாவோடு வருகிற சாஷே ஓரகானோ வேறு செடி. இது நம் காட்டை அடைத்து நிற்கிற உண்ணிச்செடியின் குடும்பம், அதற்காக உண்ணிச்செடியைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள், அது விஷம். மாசா ஹரினா வேண்டாம், உங்களுக்குத்தான் கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிட்டதே. அந்தப் பொரித்த ஓட்டுப் பெட்டியும் வேண்டாம், கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வரும்போதே பொடியாகத்தான் வந்து சேரும்.